அக்குள் வாடையும் அலுமினியமும்: ஓர் அறிமுகம்

நுவரெலியா மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கு, பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்விகள் பெரும்பாலும் இடைவேளையில்தான் வந்து சேரும். சென்ற தவணையில் பதினோராம் தர மாணவி ஒருத்தி, கொழும்பில் வேலை செய்யும் தன் அக்கா அனுப்பிய ஒரு ரோல்-ஒன் போத்தலைக் கைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, "டீச்சர், இதுல அலுமினியம் இல்லன்னு போட்டிருக்கு, அப்போ இதுதானே நல்லது?" என்று கேட்டாள். அதன் விலை, ஊர்க் கடையில் கிடைக்கும் சாதாரண போத்தலைப்போல் மூன்று மடங்கு. ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. "உனக்குத் தொந்தரவு ஈரமா, வாடையா?" என்று நான் திருப்பிக் கேட்டதும் அவள் விழித்தாள். இரண்டும் ஒன்றுதானே என்பது அவள் எண்ணம். கடைக்காரர்களில் பலருடைய எண்ணமும் அதுதான்.

குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு வியர்வையைப் பற்றி என்ன கவலை என்று தாழ்நிலத்து உறவினர்கள் கேட்பதுண்டு. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில்தான் நிற்கிறது. ஆனால் செங்குத்தான மலையில் இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு, கொழுந்து நிறைந்த கூடையோடு ஏறி இறங்குபவரின் உடல், வெளியே அடிக்கும் குளிர்காற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. சுவெட்டருக்கு மேல் மழை அங்கி அணிந்து இரண்டு மைல் நடந்து பாடசாலைக்கு வரும் பிள்ளையின் நிலையும் அதுவே. போதாததற்கு, அக்குளில் வியர்ப்பதற்கு வெப்பம் மட்டும் காரணமல்ல. பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைத் திருப்பும்போது, வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று கேட்கும்போது, எந்தக் குளிரிலும் கக்கம் நனைந்துவிடும்.

நம் தோலில் இரண்டு வகை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒரு வகை உடல் முழுவதும் பரவியிருக்கிறது. அதன் எண்ணிக்கை 20 இலட்சம் முதல் 40 இலட்சம் வரை இருக்கும். அது சுரப்பது பெரும்பாலும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும்தான். அந்த நீர் தோலின் மேல் ஆவியாகும்போது உடலின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. மற்ற வகைச் சுரப்பி அக்குள், இடுப்புக்குக் கீழ்ப் பகுதி போன்ற சில இடங்களில் மட்டுமே உண்டு; குழந்தைப் பருவத்தில் உறங்கிக் கிடக்கும் அது, பூப்படையும் வயதில்தான் வேலையைத் தொடங்குகிறது. ஐந்தாம் தரப் பிள்ளை நாள் முழுவதும் விளையாடிவிட்டு வந்தாலும் அக்குளில் பெரிதாக வாடை வீசாததற்கும், அதே பிள்ளை ஒன்பதாம் தரத்துக்கு வந்ததும் வீசுவதற்கும் இதுவே காரணம். இந்த இரண்டாம் வகைச் சுரப்பியிலிருந்து சற்றுக் கொழுப்பும் புரதமும் கலந்த திரவம் வெளிவருகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, இரண்டு வகை வியர்வைக்குமே வெளிவரும் நொடியில் மணம் இல்லை என்பது. வாடையைச் செய்வது அக்குளில் குடியிருக்கும் பக்டீரியாக்கள். கொரினிபக்டீரியம், ஸ்டபிலோகொக்கஸ் ஆகிய பேரினங்களைச் சேர்ந்த சில இனங்கள் அந்தக் கொழுப்புத் திரவத்தில் உள்ள மணமற்ற மூலக்கூறுகளை வெட்டிப் பிரிக்கின்றன. அப்படிப் பிரிந்து வரும் சிறிய மூலக்கூறுகள் காற்றில் எளிதில் எழுந்து மூக்கை எட்டுகின்றன. ஒன்று ஆட்டுக் கொட்டிலை நினைவூட்டும் அமிலம். இன்னொன்று நற்சீரகத்தைப் போன்றது. கந்தகம் கலந்த வேறொன்று, மிக மிகச் சிறிய அளவிலேயே, வெட்டிவைத்த வெங்காயத்தைப்போல் மணக்கும். ஆகவே அக்குள் வாடைக்கு மூன்று சேர வேண்டும்: சுரப்பு, ஈரம், பக்டீரியா. சந்தையில் விற்கும் எந்தப் பொருளும் இவற்றில் ஒன்றையோ இரண்டையோதான் குறிவைக்கிறது.

ஒரு சுவையான விடயத்தை இங்கே சொல்லிவிட்டுப் போகிறேன். ஏபிசிசி11 எனப்படும் ஒரு மரபணுவின் குறிப்பிட்ட வடிவம் உள்ளவர்களுக்கு இந்த வாடை மிகக் குறைவு. அவர்களது காதுக் குறும்பியும் ஈரமில்லாமல் உலர்ந்து பொடிப்பொடியாக இருக்கும். கொரியாவில் பெரும்பாலோர் இந்த வகையினர். அங்கே வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள், இங்கே பழகிய போத்தலை அங்கே தேடி அலையும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். தெற்காசியர்களாகிய நம்மில் ஈரக் குறும்பி உள்ளவர்களே அதிகம்.

இனி, ஈரத்துக்கும் வாடைக்கும் கடையில் விற்கும் இரண்டு வகைப் பொருட்களுக்கு வருவோம். வியர்வைத்தடுப்பி, அதாவது 'அன்டிபெர்ஸ்பிரன்ட்' என்று போத்தலில் எழுதியிருப்பது, நீர் வெளிவரும் வழியை அடைக்கிறது. அதில் உள்ள அலுமினிய உப்பு, பெரும்பாலும் அலுமினியம் குளோரோஹைட்ரேட், வியர்வையில் கரைந்து சுரப்பியின் குழாய்க்குள் சிறிது தூரம் இறங்கியதும், அங்கே ஒரு மென்மையான பசைக்கட்டியாக மாறி வாயில் ஒரு தக்கையைப்போல் அமர்ந்துகொள்கிறது. தோலின் மேற்படை உதிரும்போது அந்தத் தக்கையும் சேர்ந்து போய்விடும். ஆகவே அடைப்பு நிரந்தரமானதல்ல. அது முழுமையானதும் அல்ல. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2003இல் வெளியிட்ட விதிகளின்படி, ஒரு பொருள் தன்னை வியர்வைத்தடுப்பி என்று அழைத்துக்கொள்ள, வியர்வையை 20 சதவீதமாவது குறைத்துக் காட்டினால் போதும். 'கூடுதல் பலன்' என்று எழுத 30 சதவீதம் வேண்டும். ஒரு துளியும் வியர்க்காது என்று விளம்பரத்தில் வரும் வெள்ளைச் சட்டைக்காரரை நம்பி வாங்கியவர்களின் ஏமாற்றம் இந்த எண்களில் இருக்கிறது.

இந்தத் தக்கை சரியாக அமைய, உப்பைக் கரைக்கும் அளவுக்குச் சிறிது ஈரம் போதும். வழிந்தோடும் வியர்வை இருந்தால் உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். எனவே இதைப் பூசச் சிறந்த வேளை இரவு. உடல் ஓய்ந்து, வியர்வை குறைந்திருக்கும்போது, நன்றாகத் துடைத்து உலர்ந்த தோலில் பூசிவிட்டுப் படுத்தால், காலையில் குளித்த பின்னும் அதன் பலன் இருக்கும். நம்மில் பெரும்பாலோர் செய்வதோ நேர்மாறு: காலையில் குளித்து, ஈரம் காயாத தோலில் அவசரமாக உருட்டிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க மேட்டில் ஓடுவது. பிறகு பொருள் சரியில்லை என்று குறைபட்டுக்கொள்வது.

நாற்றநீக்கி, அதாவது 'டியோடரன்ட்', வேறு வேலை செய்கிறது. அது வியர்வையைத் தொடுவதில்லை. பக்டீரியாவைக் குறைக்கிறது, அல்லது எழும் மணத்தைப் பிடித்துவைக்கிறது, அல்லது இன்னொரு மணத்தால் மூடுகிறது. வரலாற்றில் முதலில் வந்ததும் இதுதான்: 1888இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 'மம்' என்ற பெயரில் விற்ற களிம்பு ஒரு நாற்றநீக்கி. அலுமினியம் குளோரைட் கலந்த முதல் வியர்வைத்தடுப்பியான 'எவர்ட்ரை' 1903இல்தான் வந்தது. பேனா முனையில் உருளும் குண்டைப் பார்த்து அமைத்த ரோல்-ஒன் 1950களின் வரவு.

இயற்கை நாற்றநீக்கி என்பது நாற்றநீக்கியின் ஒரு பிரிவு மட்டுமே. அலுமினியம் இல்லாமை அதன் தனிச் சிறப்பும் அல்ல. கடையில் உள்ள சாதாரண நாற்றநீக்கிகள் பலவற்றிலும், மதுசாரமும் வாசனையும் மட்டுமே கலந்த ஸ்ப்ரேக்களிலும் அலுமினியம் கிடையாது. 'இயற்கை' என்ற சொல்லுக்குச் சட்டப்படியான இறுக்கமான வரையறை பெரும்பாலான நாடுகளில் இல்லாததால், அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சேர்மானப் பட்டியலைப் படிப்பதே பயனுள்ளது. அந்தப் பட்டியலில் அடிக்கடி வருபவை அப்பச்சோடா, தேங்காயெண்ணெய், கூவைக்கிழங்கு மா அல்லது சோளமா, மெக்னீசியம் ஹைட்ரொக்சைட், துத்தநாகம் சேர்ந்த சில பொருட்கள், வாசனைத் தைலங்கள்.

அப்பச்சோடாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இயற்கை நாற்றநீக்கியைப் பூசித் தோல் எரிந்தது என்று வருபவர்களில் பலருடைய எரிச்சலுக்கு அதுவே காரணம். நம் தோல் இயல்பிலேயே மெல்லிய அமிலத்தன்மை கொண்டது, அமிலத்தன்மையைக் காட்டும் அதன் பி.எச். மதிப்பு (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) பெரும்பாலும் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்கும், அக்குளில் சற்றுக் கூடுதல். தேயிலைச் செடிக்கு உகந்த மண்ணின் பி.எச். அளவும் ஏறத்தாழ இதே 4.5 முதல் 5.5 வரைதான் என்பதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மலரும். மண் அளவுக்கு மிஞ்சிப் புளித்துவிட்டால் கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் போடுவார்கள். ஆனால் அளவு தெரியாமல் கொட்டினால் செடியின் இலை வெளிறிப் போகும் என்பது தோட்டத்தில் எவருக்கும் தெரியும். அப்பச்சோடாக் கரைசலின் பி.எச். 8.3 அளவில் இருக்கிறது. பி.எச். அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், தோலுக்கும் சோடாவுக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ மூன்று படி வித்தியாசம் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வித்தியாசம். வாடையைச் செய்யும் அமிலங்களை அது அடக்கிவிடுவது உண்மை, பக்டீரியாவுக்கும் அந்தச் சூழல் பிடிப்பதில்லை. ஆனால் தோலின் காப்புப் படைக்கும் அது பிடிப்பதில்லை. நானே ஒருமுறை தேங்காயெண்ணெய், சோளமா, அப்பச்சோடா மூன்றையும் குழைத்து வைத்துப் பூசினேன். முதல் வாரம் வாடையே இல்லை, பெருமையாக இருந்தது. இரண்டாம் வாரம் அக்குள் சிவந்து, சட்டைத் தையல் உரசினாலே எரிந்தது. மயிர் மழித்த அன்றே பூசியதும் என் தவறு. மெக்னீசியம் ஹைட்ரொக்சைட் நீரில் மிகக் குறைவாகவே கரைவதால் பலருக்கு இவ்வளவு தொந்தரவு தருவதில்லை. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்யப்படும் சிங்க் ரிசினோலியேட் இன்னும் சாது. அது நாறும் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

அந்தக் குழைவில் இன்னொன்றையும் கண்டேன். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உருகும். நம் வீடுகளில் காலை வேளையில் எண்ணெய்ப் போத்தலை அடுப்பங்கரையில் சாய்த்து வைக்காமல் ஒரு சொட்டுக்கூட இறங்காது. என் குழைவும் அப்படித்தான், தகர டப்பாவுக்குள் மெழுகாக இறுகி, நகத்தால் சுரண்டி எடுத்து விரல் சூட்டில் தேய்த்தால்தான் பூச முடிந்தது. அதே டப்பாவைக் கொழும்புக்குக் கொண்டுபோன நாளில் பைக்குள் உருகி ஊற்றி, ஒரு சேலையை நாசமாக்கியது. கொழும்பிலோ வெளிநாட்டிலோ செய்த கட்டி நாற்றநீக்கிகள் இங்கே கல்லாக இறுகித் தோலை உராய்வதற்கும் இதுவே காரணம். அதனால் நம் பகுதிக்குத் திரவ வகையே வசதி. மா வகைகள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளுமே தவிர, வருவதை நிறுத்தாது. மழைக்காலத்தில் அவை சீக்கிரமே பிசுபிசுத்துவிடும்.

வாசனைத் தைலங்களில் மானாப் புல்லின் மணத்தை ஒத்த சிற்றனெல்லா, இலவங்கம், லவண்டர், 'டீ ட்ரீ' எண்ணெய் ஆகியவை பிரபலமானவை. கடைசியாகச் சொன்னது நம் தேயிலையிலிருந்து எடுப்பதல்ல. அது அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மெலலூக்கா என்ற வேறொரு மரத்தின் இலைத் தைலம். தேயிலைக்கும் அதற்கும் உறவே கிடையாது. அதற்குப் பக்டீரியாவைக் குறைக்கும் ஆற்றல் உண்டு. ஆனால் தைலங்களில் உள்ள லினலூல், லிமொனீன் போன்றவை காற்றுப்பட்டுப் பழையதாகும்போது சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால், இயற்கை என்ற ஒரே காரணத்துக்காக அவற்றைச் சாதுவென்று எண்ணிவிடக் கூடாது. எலுமிச்சைச் சாற்றை அக்குளிலும் கழுத்திலும் தேய்த்துவிட்டு வெயிலில் மலைக்குப் போவது அதைவிட ஆபத்து. அந்தச் சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் தோல் கொப்பளித்துக் கறுத்துப்போகும்.

படிகாரத்துக்குத் தனியாக ஒரு பத்தி கொடுக்க வேண்டும். 'இயற்கைக் கனிமம்', 'பளிங்குக் கல்' என்ற பெயர்களில் விலை கூட்டி விற்கப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை, சலூனில் சவரம் செய்த பின் தாடையில் தேய்க்கும் அதே படிகாரம்தான். படிகாரம் என்பது பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். பெயரிலேயே அலுமினியம் இருக்கிறது. சில அட்டைகளில் 'அலுமினியம் குளோரோஹைட்ரேட் இல்லை' என்று எழுதியிருப்பது பொய்யல்ல, ஆனால் வாசிப்பவர் அதை 'அலுமினியம் இல்லை' என்றே எடுத்துக்கொள்வார் என்பது எழுதியவருக்கும் தெரியும். படிகாரம் பக்டீரியாவை ஓரளவு அடக்கி வாடையைக் குறைக்கும். வியர்வையைப் பெரிதாக நிறுத்தாது. விலை மலிவு. சலூன்காரரிடமே ஒரு துண்டு கேட்டு வாங்கலாம்.

அப்படியானால் அலுமினியம் ஆபத்தானதா? மார்பகப் புற்றுநோய், மறதி நோய் ஆகியவற்றோடு அதைச் சேர்த்துப் பேசும் செய்திகள் கைத்தொலைபேசிகளில் வலம் வருவதால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 2002இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மார்பகப் புற்றுநோய் உள்ள 813 பெண்களையும் இல்லாத 793 பெண்களையும் ஒப்பிட்டு, வியர்வைத்தடுப்பியைப் பயன்படுத்துவதால் ஆபத்து கூடியதாகக் காணவில்லை. தோலின் வழியாக உடலுக்குள் செல்லும் அளவை நேரடியாக அளந்த 2001ஆம் ஆண்டின் சிறிய ஆய்வொன்றில், பூசியதில் ஏறத்தாழ 0.012 சதவீதமே உள்ளே போனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்புக்கான அறிவியல் குழு 2020இல், ஸ்ப்ரே அல்லாத வகைகளில் 6.25 சதவீதம் வரையும் ஸ்ப்ரேயில் 10.60 சதவீதம் வரையும் அலுமினியம் இருப்பது பாதுகாப்பானது என்று முடிவு கூறியது. மறதி நோய்க்கு இதுவே காரணம் என்று நிறுவப்படவும் இல்லை.

தேயிலை நாட்டில் இருந்துகொண்டு அலுமினியத்துக்கு அஞ்சுவதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. புவியோட்டில் ஒட்சிசனுக்கும் சிலிக்கனுக்கும் அடுத்து மிக அதிகமாக உள்ள மூலகம் அலுமினியம். அமில மண்ணில் அது கரைந்து வேருக்குக் கிடைக்கிறது. பல செடிகள் அதனால் நஞ்சேறி வாட, தேயிலையோ அதை உறிஞ்சித் தன் முதிர்ந்த இலைகளில் குவித்து வைக்கிறது. கொழுந்தில் குறைவு, முற்றிய இலையில் அதிகம். நாம் குடிக்கும் தேநீரில் லீற்றருக்குச் சில மில்லிகிராம் அலுமினியம் இறங்குகிறது. அதிலும் மிகச் சிறு பங்கைத்தான் குடல் உள்ளே எடுத்துக்கொள்கிறது, உள்ளே போன அந்தப் பங்கை வெளியேற்றுவதைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்கிறது. இதனால்தான் சிறுநீரக நோய் உள்ளவர்கள் வியர்வைத்தடுப்பியைப் பயன்படுத்துமுன் வைத்தியரிடம் கேட்க வேண்டும் என்ற எச்சரிக்கை அமெரிக்கப் போத்தல்களில் அச்சிடப்படுகிறது. அந்த எச்சரிக்கை பொருத்தமானது. மார்பக எக்ஸ்ரே பரிசோதனைக்குப் போகும் நாளில் எதையும் பூசாமல் போக வேண்டும், ஏனெனில் அலுமினியத் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் படிவுகளைப்போல் தெரிந்து வைத்தியரைக் குழப்பக்கூடும்.

வியர்வை வழியாக நச்சுப் பொருட்கள் வெளியேறுகின்றன, அதை அடைத்தால் உடலில் தேங்கிவிடும் என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். கழிவை அகற்றும் பெரும் வேலை ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. உள்ளங்கை அளவுள்ள இரண்டு இடங்களில் வியர்வையைக் குறைப்பதால் உடல் குளிர்வதும் நின்றுவிடாது. ஆனால் வியர்வைத்தடுப்பியை விட்டு இயற்கை வகைக்கு மாறுபவர்கள் முதல் சில வாரங்கள் வாடை கூடியதாகச் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. அடைப்பு நீங்கியதும் ஈரம் திரும்பி வருகிறது, அக்குளில் உள்ள பக்டீரியா வகைகளின் விகிதமும் மாறுகிறது. அதற்குக் களிமண் பூசி 'நஞ்சு இறக்க' வேண்டிய தேவை எதுவும் இல்லை.

என் மாணவிக்கு நான் சொன்னது இதுதான். சட்டையில் வட்டமாக ஈரம் தெரிவதுதான் உன் கவலை என்றால், எந்த இயற்கை நாற்றநீக்கியும் அதைத் தீர்க்காது. வியர்வைத்தடுப்பி வேண்டும், இரவில் பூச வேண்டும். வாடை மட்டும்தான் என்றால் அக்காவின் போத்தலை இரண்டு வாரம் பயன்படுத்திப் பார், எரிந்தால் நிறுத்து. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் சொட்டச் சொட்ட வியர்த்து, கொப்பியே நனைகிறதென்றால் அது கடைப் பொருளால் தீர்வதல்ல. அரசாங்க வைத்தியசாலையின் தோல் நோய்ச் சிகிச்சைப் பிரிவில் காட்டினால் செலவில்லாமல் வழி பார்ப்பார்கள்.

அவள் போன பிறகுதான் சட்டையைப் பற்றிச் சொல்ல மறந்தது நினைவுக்கு வந்தது. தென்மேல் பருவ மழைக் காலத்தில் லயத்து வீடுகளில் துணி அடுப்புக்கு மேலே கொடியில்தான் காய்கிறது. மூன்று நாளாகியும் தையலோரம் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தில், தோலில் குறைந்துவிட்ட பக்டீரியா துணியில் பெருகும். 2014இல் பெல்ஜியத்தில் 26 பேரைக் கொண்டு செய்த ஆய்வில், உடற்பயிற்சிக்குப் பின் பருத்திச் சட்டைகளைவிடப் பொலியெஸ்டர் சட்டைகளே மோசமாக மணத்தன. குளித்து, பூசி, பிறகு நேற்றைய பொலியெஸ்டர் உள்ளாடையை எடுத்து மாட்டினால் பூசியது வீண். அக்குள் பகுதியை மட்டும் உட்புறம் திருப்பி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து அலசி, முதலில் உலர வேண்டிய அந்தப் பகுதி அடுப்புக்கு மிக அருகில் வருமாறு பார்த்துத் தொங்கவிட்டால் போதும். வெள்ளைச் சட்டையின் அக்குளில் படியும் மஞ்சள் கறை, அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்து உண்டாவது. அதற்குக் குளோரின் கலந்த வெளுப்பியை ஊற்றினால் மஞ்சள் இன்னும் அழுத்தமாகும். வினாகிரி கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டுத் துவைக்க வேண்டும். பூசியது நன்றாகக் காய்ந்த பிறகே சட்டையை மாட்டினால் கறை அவ்வளவாகப் பிடிக்காது.